வேதாகம மென்பொருள் நிறுவனத்திடம் ஒரு வசதி கேட்டால் "குறித்துக்கொண்டோம்" என்று மட்டும் பதில் வருகிறது. எப்படிக் கேட்பது?

கேள்வி: வேதபாட ஆசிரியர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

பெரியவர்களுக்கு வாரந்தோறும் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். பாடம் தயாரிக்க ஒரு வேதாகம மென்பொருளைச் சில ஆண்டுகளாகக் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். குறை சொல்ல வரவில்லை, வழி கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே கடிதத்தில் மூன்று விஷயம் எழுதினேன். முதலாவது தேடல். "நித்திய ஜீவன்" என்று தட்டினால் யோவான் 3:16 வருவதே இல்லை. பழைய திருப்புதல் என்ற தமிழ் மொழிபெயர்ப்பில் அது "நித்தியஜீவனை" என்று சேர்ந்து இருக்கிறது. இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் கிரேக்கச் சொல்லும் அந்த மூலச் சொல்லுக்குரிய ஸ்ட்ராங் எண்ணும் வருவதுபோல, தமிழ் வசனத்தைத் தொட்டாலும் வரவேண்டும். மூன்றாவது, நான் வசனம் வசனமாக எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை மொத்தமாக ஒரு கோப்பாக வெளியே எடுக்க வேண்டும்.

பதில் உடனே வந்தது: "உங்கள் ஆலோசனைக்கு நன்றி, உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்." அதற்குப் பிறகு புதிய பதிப்புகள் வந்தன, திரையின் நிறம் மாறியது. நான் கேட்டது எதுவும் வரவில்லை. மறுபடி எழுதினால் அதே வரிகள்தான் வருகின்றன.

இந்த நிறுவனங்கள் கோரிக்கைகளை உண்மையில் படிக்கின்றனவா? எப்படி எழுதினால் காது கொடுப்பார்கள்?

பதில்: மாலை வாசகர்

பிரதர், பல நிறுவனங்கள் கோரிக்கைகளுக்கு வாக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் கோரிக்கை அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாக எழுதாமல் அதிலேயே வாக்குப் போட்டு, வகுப்புக்கு வருகிறவர்களையும் போடச் சொல்லுங்கள். புத்தகங்களுக்கு லோகோஸ் என்ற வேதாகம மென்பொருள் நிறுவனம் பின்பற்றும் முறை எனக்குப் பிடிக்கும். ஒரு நூலை மின்வடிவில் கொண்டுவரும் முன்பே அறிவித்து முன்பதிவு வாங்குவார்கள். செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு ஆட்கள் சேர்ந்தால் வேலையைத் தொடங்குவார்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

பதில்: கோரிக்கை மேசை

ஐயா, நான் வேதாகம மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களைப் படித்துப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களுடைய நிறுவனம் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் வேலை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

படிக்கிறோம். ஆனால் படிக்கிறவர் ஒருவர், செய்கிறவர் வேறொருவர். நடுவில் உங்கள் கடிதம் ஒரு தலைப்பாகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் எழுதியது "தமிழ்த் தேடலை மேம்படுத்தவும்" என்று ஒரு வரியாகி நிரலாளர் முன்னால் போய் நிற்கும். அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாமல் இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? ஆனால் "இந்தச் சொல்லைத் தட்டினேன், யோவான் 3:16 வரவேண்டும், வரவில்லை" என்று இருந்தால் மொழி தெரியாதவரும் சோதித்துப் பார்க்கலாம். வசனத்தின் எண் பெரும்பாலும் எல்லா மொழிக்கும் பொது. இந்தத் துறையில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி அது.

அடுத்து, மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். அவை மூன்று வெவ்வேறு ஆட்களிடம் போக வேண்டியவை. ஒன்றாக வந்தால் முதலாவதின் பெயரில் பதிவாகும், மற்ற இரண்டும் அதன் அடியில் போய்விடும்.

தேடல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உதாரணம் அவ்வளவு நல்ல உதாரணம். அதற்குள் இரண்டு சிக்கல் இருக்கிறது. நீங்கள் இடைவெளி விட்டுத் தட்டுகிறீர்கள், பதிப்பில் இடைவெளி இல்லை. இது ஒன்று. மற்றது கண்ணுக்குத் தெரியாதது. கணினிக்கு "ன்" என்பது ஓர் எழுத்து இல்லை, "ன" என்ற எழுத்தும் அதன்மேல் ஒரு புள்ளியுமாக இரண்டு குறிகள். "னை" என்பது "ன" என்ற எழுத்தும் ஓர் ஐகாரக் குறியும். ஆகவே இடைவெளி இல்லாமல் "நித்தியஜீவன்" என்று தட்டினாலும் "நித்தியஜீவனை" கிடைக்காது, கடைசிக் குறியில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட தேடலில் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். இப்போதைக்கு நீங்கள் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு "நித்தியஜீவன" என்று தட்டிப் பாருங்கள். சொல்லின் பகுதியைத் தேடும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் வசனம் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. "கொரிந்தியர்" என்பதில் வரும் "கொ", கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடே சொல்கிறது. அந்தச் சமன்பாட்டைச் செய்யாத மென்பொருளில், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பின் வாசகமும் நீங்கள் தட்டும் சொல்லும் ஒன்றையொன்று அடையாளம் காணாது.

எனவே "தமிழ் இலக்கணம் முழுவதும் தெரிந்த தேடல் வேண்டும்" என்று கேட்காதீர்கள். அது பெரிய வேலை, பட்டியலின் அடியில் போய்விடும். "இடைவெளியைப் பொருட்படுத்தாமல் தேடு, கடைசிப் புள்ளியைப் பொருட்படுத்தாமல் தேடு, இரண்டு விதக் குறிகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்" என்று கேளுங்கள். இவை சிறிய வேலைகள். ஒரு நிரலாளர் தன் வழக்கமான வேலைக்கு நடுவிலேயே முடித்துவிடக்கூடியவை.

ஸ்ட்ராங் எண் கதை வேறு. ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய நூல் 1890ல் வெளிவந்தது. எபிரெயச் சொற்களுக்கு 8674 வரை, கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரை எண் கொடுத்திருக்கிறார். ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பின் ஒவ்வொரு சொல்லையும் வைத்துச் செய்த வேலை அது. அதனால் ஆங்கிலத்துக்கு அடிப்படை ஏற்கெனவே இருந்தது. தமிழ்ப் பதிப்புக்கு அப்படிச் செய்ய வேண்டுமென்றால், கிரேக்கமும் எபிரெயமும் தமிழும் தெரிந்தவர்கள் உட்கார்ந்து சொல் சொல்லாக இணைக்க வேண்டும். யோவான் 1:1ல் "ஆதியிலே" என்ற ஒரு சொல்லுக்குக் கீழே கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: "என்", "ஆர்க்கே". தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இப்படி வரிக்கு வரி வரும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் மட்டும் ஏறத்தாழ 1,38,000 சொற்கள்.

அதோடு எண்கள் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. நம் வேதாகமத்தில் சங்கீதம் 51:1 என்று இருப்பது எபிரெயத்தில் 51:3, ஏனென்றால் அங்கே தலைப்பும் இரண்டு வசனங்களாக எண்ணப்படுகிறது. "மாம்சமான யாவர்மேலும் என் ஆவியை ஊற்றுவேன்" என்ற யோவேல் 2:28 எபிரெயத்தில் 3:1. மல்கியாவின் நான்காம் அதிகாரம் எபிரெயத்தில் தனி அதிகாரமாகவே இல்லை, மூன்றாம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்திலிருந்து தொடர்கிறது. இந்த இணைப்பு அட்டவணை இல்லாமல் தமிழையும் மூலத்தையும் அருகருகே வைத்தால் வாசகருக்குத் தவறான வசனத்தையே காட்டுவோம். வேத வசனத்தில் அப்படிச் செய்வதைவிட அந்த வசதியே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

உரிமையும் வேண்டும். உரிமைக் காலம் முடியாத எந்தப் பதிப்பானாலும் அதன் உரிமையாளர் அனுமதி தந்தால்தான் மென்பொருளில் சேர்க்க முடியும், அதன்மேல் இணைப்பு வேலை செய்யவும் முடியும். கிரேக்க மூலத்திலும் இதே நிலைதான். அறிஞர்கள் அதிகம் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலண்ட் 28ஆம் பதிப்பு, 2012ல் வந்தது, ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் உரிமையில் இருக்கிறது. 2010ல் வெளியான, எஸ்பிஎல் என்ற வேதாகம ஆய்வுச் சங்கத்தின் கிரேக்கப் புதிய ஏற்பாடு தாராளமான உரிமத்தில் கிடைக்கிறது, அதனால்தான் பல இலவச மென்பொருள்களில் அதைப் பார்க்கிறீர்கள்.

ஆகவே இந்த இரண்டாவது கோரிக்கைக்கு உங்களுக்கு வரவேண்டிய நேர்மையான பதில், "இப்போது முடியாது, காரணம் இது" என்பதே. அப்படி எழுத வேண்டும் என்று என் வேலையிடத்தில் நான் விடாமல் சொல்லி வருகிறேன். "உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பது பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மனிதரைக் காத்திருக்க வைக்கிறது. முடியாது என்று தெரிந்தால் நீங்கள் வேறு வழி தேடிக்கொள்வீர்கள். தெரியாவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பையும் திறந்து பார்த்து ஏமாறுவீர்கள்.

மூன்றாவதற்கு, குறிப்புகளுக்கு, தனியாக எழுதுகிறேன்.

பதில்: பழைய பதிப்பு

இவ்வளவு எழுதி என்ன பயன்? வியாபார நிறுவனம் லாபம் பார்க்கும். தமிழ் வாசகர் எத்தனை பேர் என்றுதான் கணக்குப் போடுவார்கள், வாக்கெடுப்பில் ஆங்கிலக்காரரை நாம் எப்போதாவது முந்த முடியுமா? இலவசமானவற்றுக்குப் போய்விடுங்கள் பிரதர். இ-சோர்ட் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கிராஸ்வயர் நடத்தும் ஸ்வோர்ட் திட்டம் திறந்த மூல முறையில் நடக்கிறது. கைப்பேசிக்கு ஆண்ட்பைபிள் இருக்கிறது. மூல மொழி பார்க்க, கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் தொடங்கிய ஸ்டெப் பைபிள் இருக்கிறது.

இன்னொன்று. மூல மொழி ஆராய்ச்சிக்குப் பெயர்போன பைபிள்வொர்க்ஸ் நிறுவனம் 2018 ஜூனில் கதவை மூடியது. 1992லிருந்து இருந்த நிறுவனம்! காசு கொடுத்ததால் நிலைத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பதில்: ஞாயிறு மறைக்கல்வி

எனக்கும் ஒரு கேள்வி. நாங்கள் கத்தோலிக்கர்கள், 1995ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாசிக்கிறோம். நான் பயன்படுத்தும் மென்பொருளில் நூல் பட்டியல் 66ஓடு நிற்கிறது. தோபித்து, யூதித்து, சீராக், மக்கபேயர் எதுவும் பட்டியலிலேயே இல்லை. சொந்தக் குறிப்பு எழுதக்கூட அந்த இடம் திறக்கவில்லை. கேட்டால் "அந்த மொழிபெயர்ப்பு எங்களிடம் இல்லை" என்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பைக் கேட்கவில்லையே!

பதில்: கோரிக்கை மேசை

மறைக்கல்வி ஆசிரியருக்கு முதலில். உங்கள் கோரிக்கையை மொழிபெயர்ப்புக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டு உரிமங்களைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள். நீங்கள் கேட்பது நூல் வரிசையும் வசன எண் அமைப்பும். அது நிரல் பிரிவின் வேலை. "எந்த வாசகமும் வேண்டாம், 73 நூல்கள் கொண்ட வரிசை வேண்டும், சீராக் 2:1க்கு நான் குறிப்பு எழுத இடம் திறக்க வேண்டும்" என்று இதே சொற்களில் எழுதுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதனால் மறுக்கவும் காரணம் குறைவு.

பழைய பதிப்பு ஐயா, இலவசத் திட்டங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் அங்கேயும் யாரோ ஒருவர் உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் செய்ய வேண்டும், அவர் பெரும்பாலும் தன் சொந்த நேரத்தில் செய்கிறவர். தெளிவாக எழுதுவது அவருக்கு இன்னும் அதிகமாக உதவும். வாக்கெடுப்பு விஷயத்தில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறிய மொழிக் கூட்டம் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். அதனால்தான், செய்ய எளிதாகவும் சோதிக்க எளிதாகவும் இருக்கும்படி கோரிக்கையை உடைத்துக் கேளுங்கள் என்கிறேன்.

பொறுமையும் ஓரளவு வேண்டும். ஆக்கார்டன்ஸ் என்ற வேதாகம மென்பொருள் 1994லிருந்து மேக் கணினிக்கு மட்டுமே இருந்தது. விண்டோஸுக்கென்று தனியாக 2013ல்தான் வந்தது.

இப்போது வேதபாட ஆசிரியர் கேட்ட குறிப்புகள். பைபிள்வொர்க்ஸ் மூடப்பட்டதைப் பழைய பதிப்பு ஐயா சொன்னார், அதுவே போதுமான காரணம். மற்ற இரண்டையும் வேண்டுகோளாக எழுதுங்கள், இதை மட்டும் உரிமையாகக் கேளுங்கள். அந்த மென்பொருளில் இருக்கும் உரைகள் அவர்கள் உரிமம் வாங்கித் தந்தவை. குறிப்புகள் நீங்கள் எழுதியவை. ஆண்டுக்கணக்கில் ஒருவர் வசனத்தோடு உட்கார்ந்து எழுதியதை, அந்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் திறந்து வாசிக்க முடியவேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

கேட்கும்போது இரண்டு விஷயம் தெளிவாகக் கேளுங்கள். குறிப்பு எதனோடு கட்டப்பட்டிருக்கிறது, வசன எண்ணோடா அல்லது குறிப்பிட்ட ஒரு பதிப்பின் பக்கத்தோடா? பதிப்போடு கட்டப்பட்டிருந்தால், அந்தப் பதிப்பின் உரிமம் முடிந்து மென்பொருளிலிருந்து எடுக்கப்படும்போது உங்கள் குறிப்பு எந்த வசனத்துக்கு எழுதியது என்பதே தொலைந்துபோகலாம். வெளியே எடுக்கும் கோப்பு சாதாரண உரைக் கோப்பாக, ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே நூல், அதிகாரம், வசனம் எழுதப்பட்டதாக இருக்குமா? அழகான வடிவமைப்பு எதுவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சற்று வெளியே. எங்களுக்கு அடிக்கடி வரும் ஒரு வகைக் கடிதம் உண்டு: "அப்போஸ்தலர் 8:37 உங்கள் மென்பொருளில் இல்லை, வேதத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துவிட்டீர்கள்." பயத்தோடும் வேதனையோடும் எழுதுகிறார்கள். எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் விசுவாச அறிக்கை செய்யும் வசனம் அது, எழுதுகிறவர்களில் பலருக்கு மனப்பாடம். பழைய திருப்புதலில் இருக்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லாததால், பல புதிய மொழிபெயர்ப்புகள் அதை அடிக்குறிப்பில் வைக்கின்றன. மத்தேயு 17:21, மாற்கு 9:44, 46 ஆகியவையும் இப்படியே. மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. இருந்தாலும் "இது பிழை அல்ல" என்று மட்டும் எழுதிக் கோப்பை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பதிப்புகளையும் அருகருகே திறக்கும் வழியையும் அடிக்குறிப்பைக் காட்டும் வழியையும் எழுதி, ஏன் எண் 36லிருந்து 38க்குத் தாவுகிறது என்று விளக்கி அனுப்புவேன். சிலர் மறுபடி எழுதி, வகுப்பில் இதையே ஒரு பாடமாக எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்குறிப்பு தானாகத் தெரிய வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பட்டியலில் மேலே வந்தது இந்தக் கடிதங்களால்தான்.

பதில்: வேதபாட ஆசிரியர்

கோரிக்கை மேசை சகோதரி, மிக்க நன்றி. புள்ளி இல்லாமல் "நித்தியஜீவன" என்று தட்டினேன், யோவான் 3:16 வந்தது, ரோமர் 6:23ம் வந்தது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றையும் மூன்று கடிதமாகப் பிரித்துவிட்டேன். தேடலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"தமிழ் பழைய திருப்புதலில் 'நித்திய ஜீவன்' என்று தேடினேன். யோவான் 3:16, ரோமர் 6:23 வரவேண்டும், வரவில்லை. 'நித்தியஜீவன்' என்று சேர்த்துத் தேடினாலும் யோவான் 3:16 வரவில்லை. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'நித்தியஜீவன' என்று தேடினால் வருகிறது. தேடலில் இடைவெளியையும் சொல்லின் கடைசிப் புள்ளியையும் கணக்கில் எடுக்காமல் இருக்க ஒரு தெரிவு தர முடியுமா? முடியாது என்றால் காரணத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். பாடம் தயாரிக்க ஒரு பொருளில் உள்ள வசனங்களை எல்லாம் திரட்ட இதைப் பயன்படுத்துகிறேன்."

ஸ்ட்ராங் எண் கடிதத்தில் முழு வேதாகமத்தையும் கேட்கவில்லை. யோவான் சுவிசேஷம் மட்டும் போதும், தமிழும் கிரேக்கமும் தெரிந்தவர்கள் உதவ முன்வந்தால் ஏற்பீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

பதில்: கோரிக்கை மேசை

நன்றாக வந்திருக்கிறது ஐயா. மூன்று சேர்க்கை மட்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும், கணினியா கைப்பேசியா என்பதையும் முதல் வரியிலேயே போடுங்கள். தேடல் சொல்லைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள், படத்திலிருந்து அவர்களால் குறிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. பாடத்துக்குப் பயன்படுத்துகிறேன் என்ற கடைசி வாக்கியத்தை மேலே கொண்டுவாருங்கள். பிரிக்கிறவர் முதல் இரண்டு வரியை வைத்துத்தான் யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வார்.

யோவான் சுவிசேஷம் மட்டும் என்று கேட்டது நல்ல யோசனை. அதற்கு என்ன பதில் வந்தாலும் இங்கே எழுதுங்கள், எங்கள் குழுவிடமும் நான் அதைக் காட்ட விரும்புகிறேன்.